எங்க குக்கிராமத்தோட ஜனத்தொகை எங்க பாக்குறது? மினி பஸ் மனுவுக்கு வேணும்

உப்புக்காத்து:
வணக்கம். வேதாரண்யம் தாலுகா, ஆயக்காரன்புலம் பக்கம் ஒரு குக்கிராமம் எங்களது. மெயின்ரோட்டுல பஸ் ஓடுது, ஆனா அதைப் பிடிக்க மூணு கிலோமீட்டர் நடக்கணும், ஐப்பசி கார்த்திகையில புள்ளைங்க யூனிபார்மெல்லாம் முட்டி வரைக்கும் சேறு. 2023ல அகஸ்தியம்பள்ளி வரைக்கும் ரயில் திரும்ப வந்துச்சு, சந்தோசம்தான், இறங்கி வூட்டுக்குப் போறதுக்கு எவன் பைக்காவது வந்தாதான் உண்டு. கிராம சபையில மினி பஸ் கேட்டு தீர்மானம் போடலாம்னு இருக்கோம். எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? சென்சஸ்ல தேடுனா எங்க ஊர் பேரே வரல.

ரிட்டையர்டு சர்வேயர்:
வராது தம்பி. சென்சஸ் கணக்கு வருவாய் கிராமத்துக்குத்தான் (பல குக்கிராமம் சேந்தது, வருவாய்த்துறை கணக்குல ஒரே ஊரு), குக்கிராமத்துக்குத் தனியா இல்ல. உங்க பக்கம் ஆயக்காரன்புலத்தையே சேத்தி சேத்தியா, அதாவது தனித்தனி வருவாய் கிராமமா பிரிச்சி வச்சிருப்பாங்க, உங்க ஊரு எந்தச் சேத்தியில வருதுன்னு விஏஓ கிட்ட கேட்டுக்கிட்டு, 2011 மாவட்ட சென்சஸ் கையேட்டை டவுன்லோடு பண்ணுங்க. அதுல பி பாகத்துல வீடு, ஆள், படிச்சவங்க கணக்கு இருக்கும். ஏ பாகம்தான் முக்கியம், ஊருக்கு ஊர் பஸ் உண்டா, ரயில் உண்டா, தார் ரோடு உண்டான்னு போட்டிருப்பான். இல்லைன்னா பக்கத்துல எவ்வளவு தூரத்துல இருக்குங்கறதுக்கு ஒரு எழுத்து: 5 கி.மீ.க்குள்ளன்னா ஏ, 10 வரைக்கும் பி, அதுக்கு மேல சி. இதுலதான் வம்பே. மெயின்ரோட்டுல பஸ் நின்னா மொத்த கிராமத்துக்கும் பஸ் வசதி உண்டுன்னு ஆயிடும், நீங்க மூணு கிலோமீட்டர் உள்ள கெடக்குறது காகிதத்துல தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்தை அப்படியே மனுவோட வச்சா உங்களுக்கே எதிரா போயிடும், பாத்து.

கீழத்தெரு:
சர்வேயர் ஐயா சொல்றது சரி. ரோடு கேக்குறதா இருந்தா கணக்கே வேற. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல (2000ல ஆரம்பிச்சது) பாக்குறது குடியிருப்பை, வருவாய் கிராமத்தை இல்ல. சமவெளியில 500 பேர் இருக்கணும், மலைப்பகுதின்னா 250. 500 மீட்டருக்குள்ள இருக்குற ரெண்டு மூணு குடியிருப்பை ஒண்ணா சேத்தும் எண்ணலாம். 2024ல அறிவிச்ச நாலாம் கட்டத்துக்கும் 2011 கணக்குதான், இத்தனை வருசத்துல ஊரு எவ்வளவு பெருத்திருந்தாலும் சரி. கொடுமை, என்ன பண்றது.

உப்புக்காத்து:
ரோடு இருக்குண்ணே, ஊராட்சி ஒன்றிய ரோடு, குண்டும் குழியுமா. பஸ்தான் இல்ல. அப்ப ஆள் கணக்குக்கு எதைக் காட்டுறது?

டீக்கடை பெஞ்சு:
ஊராட்சி செயலர் கிட்ட வீட்டு வரி ரிஜிஸ்டர் இருக்கும், தெருவாரியா எத்தனை வீடுன்னு எழுதி வாங்குங்க. ரேஷன் கடையில கார்டு எண்ணிக்கை, வாக்காளர் பட்டியல்ல உங்க பாகத்தோட ஓட்டு. மூணையும் சேத்து வைங்க, ஒருத்தனும் மறுக்க முடியாது. அதோட ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க எத்தனை, எத்தனை மணிக்கு மணியடிக்குதுன்னு எழுதுங்க, வெறும் ஜனத்தொகைய விட அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. மினி பஸ்ஸுன்னா தனியார்தான் பர்மிட் எடுத்து ஓட்டணும். தமிழ்நாடு அரசோட புது மினி பஸ் திட்டத்துல ரூட்டு மொத்தம் 25 கி.மீ. வரைக்கும் போகலாம், அதுல பெரும்பகுதி இதுவரைக்கும் பஸ்ஸே போகாத ரோடா இருக்கணும். உங்க ஊருக்கு மட்டும் கேட்டா டிக்கெட் கலெக்சன் தேறாதுன்னு எவனும் வரமாட்டான். பக்கத்துக் குக்கிராமங்களையும் கோத்து, ரயில்வே ஸ்டேஷன்ல முடியற மாதிரி ரூட்டு வரைஞ்சி குடுங்க. அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம், அடுத்த திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு. ரசீது வாங்காம வராதீங்க.

ரிட்டையர்டு சர்வேயர்:
ரூட்டு வரையறதுக்கு கிராம வரைபடம் வேணும்னா தாலுகா ஆபீஸ்ல நகல் கேளுங்க. பாலம் குறுகலா இருந்தா அகலத்தையும் அளந்து எழுதிடுங்க, வட்டாரப் போக்குவரத்து ஆபீஸ் (ஆர்டிஓ) ஆளு வந்து பாக்குறப்ப மொதல்ல அதைத்தான் கேப்பான்.

உப்புக்காத்து:
வாய்க்கா மேல ஒரு மதகுப் பாலம் இருக்கு ஐயா, நாளைக்கே டேப் எடுத்துட்டுப் போறேன்.