செயலமர்வுக்குப் போய் வந்த கதைகள் – அனுபவப் பகிர்வு

கோப்பாய்க்காரன்:
2017 ஆனி மாதம், யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல். இளைஞரும் அமைதியும் பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 2250 குறித்த செயலமர்வு. உங்களுக்குத் தெரிந்த சாமான்தான்: வெளிநாட்டு நிதி, கொழும்பு வளவாளர், பத்து மணிக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும். வாசலில் பையைத் தந்துவிட்டுத்தான் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். "அண்ணா, நீங்கள் எண்பத்தேழில் பிறந்தவரா?" என்று மேசையில் இருந்த தங்கச்சி கேட்டாள். பிறகு சிவப்புப் பேனையால் என் பெயருக்கு மேல் கோடு இழுத்தாள். அடிமட்டம் வைத்து, நேராக. அந்த அடிமட்டம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பாதுகாப்புச் சபை 2015 டிசம்பரில் நிறைவேற்றிய அந்தத் தீர்மானத்தில் இளைஞர் என்றால் 18 முதல் 29 வரை. எனக்கு முப்பது முடிந்து நாலு மாதம். 2009இல், முகாமில், எனக்கு 22. அப்போது வயதைக் கேட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு என் வயது சரியாகப் பொருந்தியது.

பதிவுமேசை:
அந்தப் பிள்ளையில் பிழை சொல்லாதீர்கள். நானும் அந்தக் கதிரையில் இருந்தவன். ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு 15–24. பொதுநலவாயத்துக்கு 15–29, எங்கட 2014 தேசிய இளைஞர் கொள்கையும் அதுதான். ஆபிரிக்க இளைஞர் சாசனம் 35 வரை போகிறது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவிலும் 35 வரை இளைஞர்தான். அதாவது ஒரே ஆள் வேட்புமனு கொடுக்கிற கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், இளம் வேட்பாளர், ஹோட்டல் வாசலில் கிழவர். மேசையில் இருக்கிற பிள்ளை இதற்கு என்ன செய்யும்? ஒருநாள் ஒருவர் தலைக்கு டை அடித்து வந்தார். வெயிலில் வேர்த்து, காதுக்குப் பின்னால் கறுப்பாக வழிந்து சேட் கொலரில் இறங்கியது. நான் அட்டையைக் கேட்கவே இல்லை. உள்ளே விட்டேன். சரியோ பிழையோ தெரியாது.

நெடுந்தீவுப்பிள்ளை:
வயதை விடுங்கள். "நீங்கள் பங்கேற்பதற்குத் தடையாக இருப்பது எது?" என்று கேட்டு மஞ்சள் ஒட்டுத்தாள் தந்தார்கள். நான் "படகு" என்று எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டோடு வெளிக்கிடாவிட்டால் குறிகட்டுவான் துறையில் எங்கட தீவுக்குக் கடைசிப் படகு போய்விடும். வளவாளர் எல்லாத் தாள்களையும் சுவரில் பிரித்து ஒட்டினார்: அரசியல் தடைகள், பண்பாட்டுத் தடைகள், திறன் குறைபாடு. என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் "ஏனையவை" என்று புதிதாக ஒரு தலைப்பு எழுதி, அதற்குக் கீழே ஒட்டினார். அதில் அது ஒன்றுதான். அறிக்கை எழுதிய பின்னேர அமர்வுக்கு நான் இல்லை. படகுக்குப் போய்விட்டேன்.

ஸ்காபரோ சித்தப்பா:
பிள்ளை, இதற்கெல்லாம் மனம் விடக் கூடாது. கொழும்பில் 2014 மே மாதம் உலக இளைஞர் மாநாடு நடந்தபோது விடுமுறையில் அங்கே நின்றேன், பஸ்ஸில் கழுத்தட்டை போட்ட வெளிநாட்டுப் பெடியன் ஒருவன் எனக்கு இடம் விட்டு எழும்பினான், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் ஒன்று சொல்கிறேன். முதலில் பாஸ்போர்ட் எடுங்கோ. இரண்டாவது, ஊர் இளைஞர் கழகத்தில் பதியுங்கோ, அந்தக் கழகங்களுக்கு மேலே இருக்கிற தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979 சட்டத்தால் வந்தது, நாளைக்கு மூடிவிட்டுப் போகிற புரொஜெக்ற் இல்லை. மூன்றாவது, 2250இன் ஐந்து தூண்களையும் பாடமாக்குங்கோ: பங்கேற்பு, பாதுகாப்பு, தடுத்தல், பங்காண்மை, விடுவித்து மீள ஒருங்கிணைத்தல். நேர்முகத்தில் கேட்பார்கள். ஐ.நா. பொதுச்சபைக்கு நாடுகள் தங்கள் குழுவோடு இளைஞர் பிரதிநிதியையும் அனுப்பலாம், அதற்கு விண்ணப்பியுங்கோ. ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கம் எழுதுங்கோ. குளிர் உடுப்பு இங்கே கனடாவுக்கு வந்து வாங்கலாம், அங்கே வாங்காதேங்கோ.

நெடுந்தீவுப்பிள்ளை:
சித்தப்பா, நான் கேட்டது படகு.

மொழிபெயர்ப்பாளர்:
ஆங்கிலம் என்று வந்ததால் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சில வருடங்களுக்கு முன் இப்படி ஓர் அமர்வில் வெளிநாட்டுக் குழுவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. ஒரு பெடியன் எழும்பி, காணாமல் ஆக்கப்பட்ட தன் அண்ணாவைப் பற்றிப் பேசினான். என்ன சேட் போட்டிருந்தார், எந்தச் சந்தி, அம்மா எந்தெந்த இடத்துக்குப் போனார். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு "நேரம்" என்று எழுதிய துண்டு வந்தது. நான் ஆங்கிலத்தில் ஒரே வசனம் சொன்னேன்: இவருடைய குடும்பமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் தலையாட்டினார்கள், நன்றி சொன்னார்கள், அடுத்தவருக்கு மைக் போனது.

தேத்தண்ணி நேரத்தில் அவன் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அண்ணாவின்ர பேரைச் சொன்னீங்களா? கவனிச்சுக் கேட்டனான், எனக்குக் கேக்கேல்ல."

சொன்னனான் தம்பி, மைக் சரியில்லை என்றேன்.