புதுப்பிப்பு: விட்டுப்போன டைரியை நிரப்பிய விதம்

டைரி எழுதுவது நின்று வெகுநாள் ஆனபின், இடையில் நடந்ததை எப்படி மீட்டு எழுதுவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

கைகொடுத்தது, "இன்றைய தேதியில் ஆரம்பிங்க, விட்டதுக்கு மாசத்துக்கு ஒரு பக்கம் போதும்" என்ற யோசனைதான். நாள்வாரியாக நிரப்பப் போனால் முதல் மாதத்திலேயே கை ஓய்ந்துவிடும். முதலில் தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை, ஊர்ப் பயணம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25, தீபாவளி அக்டோபர் 31. மற்றவை அதற்கு முன்னா பின்னா என்று தானாக இடம்பிடிக்கும்.

எது எந்த நாள் என்று பார்க்கப் போனில் இருந்த படங்களையும் அரட்டையையும் புரட்டினேன். அதில் எதிர்பாராத சிக்கல் படங்களின் தேதி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி இருக்காது, வந்த தேதிதான். போன் மாற்றியிருந்தால் அதுவும் நகலெடுத்த நாளாகிவிடலாம். ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரைப் பாருங்கள்: 20240125 என்றால் ஆண்டு, மாதம், நாள். அது அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் அரட்டையை எக்ஸ்போர்ட் செய்தால், அதாவது தனி ஃபைலாக எடுத்தால், நேரம், போன் இப்போது இருக்கும் நாட்டுக் கணக்கில் வரும். திருச்சியில் இரவு 9.30க்கு மேல் அனுப்பியது, இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கும் சிங்கப்பூரில் மறுநாளாக விழுகிறது. ஊர்க் காதுகுத்துக்குத் தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டியது இதனால்தான்.