திரும்பி வந்த கணவர், மாறிப்போன நான்

வணக்கம். 7 வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்த என் கணவர் போன மாதம் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். இத்தனை நாளும் வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நான்தான் பார்த்தேன். இப்போது "இனி நான் பார்த்துக்கிறேன், நீ ஓய்வெடு" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் நேற்று மகன் பள்ளிப் படிவத்தை அவரைத் தாண்டி என்னிடம் நீட்டினான். கையில் பேனாவோடு அவர் அப்படியே நின்றார். அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

அங்கே தனியாகச் சமைத்து, துவைத்துப் பழகியவர், இங்கே அடுப்படிப் பக்கமே வருவதில்லை.

கணக்கு வழக்கை மொத்தமாக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவரை ஒதுக்கவும் மனமில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? எந்தப் பொறுப்பை முதலில் பகிர்ந்துகொண்டீர்கள்? சொல்லுங்களேன்.