யசாய் இதாமே தண்ணீர் விட்டுக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டோக்கியோ வந்து நாலு மாதம் ஆகிறது. வேலை முடிந்து வந்ததும் பத்தே நிமிடத்தில் சோற்றுக்கு ஏதாவது வேண்டுமே என்று யசாய் இதாமே என்கிற ஜப்பானியக் காய் வதக்கல் செய்யப் பழகுகிறேன். காய்களை வதக்குவதுதானே, நம்ம பொரியல் மாதிரிதான் என்று நினைத்தேன். இல்லை.

முட்டைகோஸ், கேரட், மொயாஷி என்கிற பயறு முளை எல்லாம் நறுக்கிக் கலந்து ஒரே பையாகக் கடையில் கிடைக்கிறது. ஐஎச் (இண்டக்ஷன்) அடுப்பில் 26 செ.மீ. பான் வைத்து, எண்ணெய் காய்ந்ததும் பை முழுவதையும் கொட்டுகிறேன். முதலில் சர்ரென்று நல்ல சத்தம். அரை நிமிடத்தில் அது அடங்கி ஓரமெல்லாம் நீர் கோத்துக்கொள்கிறது. சோயா சாஸ் ஒரு ஸ்பூன் ஊற்றினால் பழுப்பு ரசம்தான்! முளை துவண்டுவிடுகிறது, கேரட் மட்டும் பச்சையாகக் கடிபடுகிறது.

உப்பைக் கடைசியில் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. இரண்டு பங்காகப் பிரித்து வதக்கினால் சரியாகுமா? பானைத் தூக்கிக் குலுக்கலாம் என்றால் ஐஎச்-இல் சூடு போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அம்மா, உருளைக்கிழங்கு மாவான கதாகுரிகோவைக் கரைத்து ஊற்றச் சொன்னார். நீர் கெட்டியாகும், சரி. மொறுமொறுப்பு வருமா?

அப்புறம், நான் சைவம். கோழிச் சாறு பொடியும் கட்சுவோ மீன் சேர்ந்த தாஷி என்கிற ஜப்பானியச் சாறும் ஆகாது. கொம்பு என்கிற கடற்பாசியில் செய்த தாஷி மட்டும் போட்டால் சுவை மந்தமாக இருக்கிறது. காய்ந்த ஷீத்தாக்கே காளானைப் பொடித்துச் சேர்த்தவர்கள் இருந்தால், ஒரு பைக்கு எவ்வளவு என்று சொல்லுங்களேன்.