புதுப்பிப்பு: கடைசியில் எழுதிக் கேட்டேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சிங்கப்பூரில் ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், அம்மா காதில் விழாமல் மனநல உதவி கேட்பது எப்படி என்று. பேசுவதற்குப் பதில் எழுதச் சொன்னீர்கள்.

சரி, ஒரு ராத்திரி போர்வைக்குள் இருந்தபடி 1771 என்ற தேசிய மனநல உதவிச் சேவைக்கு வாட்ஸ்ஆப் அனுப்பினேன். 2025இல் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு. 'ஹலோ' என்று மூன்று முறை அடித்து அழித்தேன். நாலாவது முறைதான் போனது. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார் ஆலோசகர். (அம்மாவும் தினமும் இதையேதான் கேட்கிறார், அவரிடம் மட்டும் எரிந்து விழுவேன்.)

அப்புறம் 'சாட்' (CHAT) என்ற இளையர் மனநலச் சேவை பற்றிச் சொன்னார்: 16 முதல் 30 வயதுக்காரர்களுக்கு இலவச மனநல மதிப்பீடு. செவ்வாய்க்கிழமை போகிறேன். அம்மாவிடம் நூலகம் என்று சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு.