மாங்கோஇம்போர்ட்: சிஎஸ்வி ஏற்றினால் முன்பூஜ்யம் போகிறது, தேதி ஸ்ட்ரிங்காக நிற்கிறது

அட்டவணை_22 கேட்டது:

நூலகப் புத்தகப் பட்டியல் ஒன்று எக்செலில் இருக்கிறது, ஏறத்தாழ 2.3 லட்சம் வரிசைகள். அதை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த கோப்பாக) சேமித்து, உபுண்டு சர்வரில் உள்ள மாங்கோடிபி டேட்டாபேஸுக்குள் ஏற்ற வேண்டும். ஹெடர் இப்படி:

வ.எண்,பதிவெண்,தலைப்பு,ஆசிரியர்,வகுப்பெண்,ஐஎஸ்பிஎன்,விலை,சேர்ந்தநாள்

மாங்கோடிபியின் ஏற்றும் கருவியான மாங்கோஇம்போர்ட்டுக்குக் கொடுத்த கட்டளை:

மாங்கோஇம்போர்ட் --டிபி நூலகம் --கலெக்‌ஷன் நூல்கள் --டைப் சிஎஸ்வி --ஹெடர்லைன் --ஃபைல் பட்டியல்.சிஎஸ்வி

ஏறுகிறது, ஆனால்:

1. பதிவெண் 004512 என்பது 4512 ஆகிவிட்டது. வகுப்பெண் 025.431 என்பது 25.431.
2. சேர்ந்தநாள் வெறும் ஸ்ட்ரிங்.
3. சில தலைப்புகள் ????? என்று வருகின்றன.
4. வ.எண் என்ற ஃபீல்டையே காணவில்லை. அதற்குப் பதில் "வ" என்று ஒன்று வந்திருக்கிறது.

இது தவிர மாதாமாதம் திருத்தப் பட்டியல் ஒன்றும் இதே வடிவில் வரும். அதை எப்படி மேலேற்றுவது?

குறுநிரல்:

மூன்றாவதை முதலில் பாருங்கள். அது மாங்கோடிபி சமாச்சாரமே இல்லை. எக்செலில் சாதாரண "சிஎஸ்வி" என்று சேமித்தால் விண்டோஸின் பழைய குறியாக்கத்தில் எழுதும். அதில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடையாது, எனவே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகக் கோப்பிலேயே பதிவாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. மூல எக்செலுக்குத்தான் திரும்ப வேண்டும். "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதில் சேமியுங்கள். லிப்ரேஆபீஸ் என்றால் சேமிக்கும்போதே குறியாக்கம் எது என்று கேட்கும்.

"யூனிகோட் டெக்ஸ்ட்" என்ற தேர்வு வேண்டாம். அது யூடிஎஃப்-16, டேப் பிரித்த கோப்பு. மாங்கோஇம்போர்ட்டுக்கு யூடிஎஃப்-8 மட்டுமே தெரியும். ஏற்கெனவே அப்படித்தான் கையில் இருக்கிறது என்றால் குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளை கொண்டு மாற்றலாம், ஆனால் இன்னொரு சிக்கல் வரும்: மாங்கோஇம்போர்ட்டின் டிஎஸ்வி (டேப் பிரித்த கோப்பு) வாசிப்பு மேற்கோள் குறிக்கு மதிப்பே தராது. டேப் கண்ட இடத்தில் வெட்டும், வரி முடிந்தால் ரெக்கார்டு முடிந்தது. எக்செல் சுற்றிப் போட்ட மேற்கோள் குறிகள் அப்படியே தலைப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்.

சில தலைப்புகள் மட்டும் கேள்விக்குறி என்கிறீர்கள். மீதி எப்படித் தெரிகிறது? ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலவையாகத் தெரிந்தால் அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள்தான், பிழை எதுவும் காட்டாமல் சமர்த்தாக ஏறிவிடும். அவற்றை ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எக்செலில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். 13 இலக்க ஐஎஸ்பிஎன் "ஜெனரல்" ஃபார்மட்டில் இருந்தால் 9.78818E+12 என்று திரையில் தெரியும், சிஎஸ்வியிலும் அப்படியேதான் எழுதப்படும். கடைசி இலக்கங்கள் அங்கேயே தொலைந்தன. அந்த நெடுவரிசையைப் பூஜ்யத் தசமத்தோடு "நம்பர்" ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். சேமித்த சிஎஸ்வியைத் திரும்ப எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். பதிவெண்ணின் பூஜ்யங்கள் அதிலேயே போய்விடும்.

நிரல்வழி:

1, 2 இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நான்காவது வேறு, கடைசியில் சொல்கிறேன். வகை எதுவும் சொல்லாவிட்டால் மாங்கோஇம்போர்ட் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்து ஊகிக்கும். முழு எண்ணாகப் படிக்க முடிகிறதா, தசமமாக முடிகிறதா, இரண்டும் இல்லையென்றால் ஸ்ட்ரிங். நெடுவரிசை முழுவதையும் பார்த்து முடிவெடுப்பதில்லை. இதில் பூஜ்யம் போவதைவிட மோசமானது, ஒரே ஃபீல்டில் பல வகை சேர்வது. உங்கள் ஐஎஸ்பிஎன் ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள்:

- 0-இல் தொடங்கும் 10 இலக்க எண்: பூஜ்யம் உதிர்ந்து இன்ட்32 (32 பிட் முழு எண்)
- 81-இல் தொடங்கும் 10 இலக்க எண்: 2147483647-ஐத் தாண்டுவதால் இன்ட்64
- எக்ஸ் எழுத்தில் முடிவது: ஸ்ட்ரிங்
- E+12 என்று கெட்டுப்போனது: டபுள் (தசம எண்)

ஸ்ட்ரிங்காகத் தேடினால் எக்ஸில் முடிவது மட்டும் கிடைக்கும், மற்றவை இருந்தும் இல்லாத மாதிரி. ஸார்ட் செய்தால் எண்கள் எல்லாம் ஒரு பக்கம், ஸ்ட்ரிங் எல்லாம் மறுபக்கம். இப்போது ஏற்றியிருப்பதில் எத்தனை வகை கலந்திருக்கிறது என்று அறிய, அக்ரிகேட்டில் $குரூப் போட்டு அதன் _ஐடியில் $டைப் கொடுத்து எண்ணிப் பாருங்கள்.

தீர்வு: --காலம்ஸ்ஹேவ்டைப்ஸ். ஹெடர் வரியிலேயே வகையை எழுதிவிடலாம்:

வரிசை.இன்ட்32(),பதிவெண்.ஸ்ட்ரிங்(),தலைப்பு.ஸ்ட்ரிங்(),ஆசிரியர்.ஸ்ட்ரிங்(),வகுப்பெண்.ஸ்ட்ரிங்(),ஐஎஸ்பிஎன்.ஸ்ட்ரிங்(),விலை.டெசிமல்(),சேர்ந்தநாள்.டேட்_கோ(2-1-2006)

இதை --ஹெடர்லைனோடு சேர்த்துக் கொடுங்கள். மாதாமாதம் வரும் கோப்பின் ஹெடரைத் தொட விருப்பமில்லை என்றால், இதையே வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி --ஃபீல்ட்ஃபைல் என்று கொடுக்கலாம். அப்போது --ஹெடர்லைன் வராது. சிஎஸ்வியின் முதல் வரியையும் டெய்ல் -என் +2 போட்டு நீக்கி, பைப் வழியாக அனுப்ப வேண்டும். --ஃபைல் கொடுக்காவிட்டால் மாங்கோஇம்போர்ட் தானாகவே பைப்பிலிருந்து வாசிக்கும். முதல் வரியை நீக்க மறந்தால் ஹெடர் சொற்களையே எண்ணாகவும் தேதியாகவும் படிக்கப் பார்த்து, முதல் அடியிலேயே நின்றுவிடும்.

தேதி வடிவம் விசித்திரமாகத் தெரியும். இது கோ என்ற நிரல்மொழியின் முறை: 2006 ஜனவரி 2 என்ற நாளை உங்கள் வடிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், அதுதான் மாதிரி. உங்கள் கோப்பில் 5-3-2019, 05-03-2019 இரண்டும் கலந்திருந்தால் 2-1-2006 என்று கொடுங்கள், இரண்டையும் ஏற்கும். 02-01-2006 என்றால் இரு இலக்கம் கட்டாயம். வேறு மாதிரி எழுதப் பிடித்தால் டேட்_எம்எஸ்(dd-MM-yyyy என்ற பாணி), டேட்_ஆரக்கிள் இரண்டும் உண்டு. தேதியை யூடிசி நள்ளிரவாகத்தான் வைக்கும். இந்திய நேரத்தில் காட்டும்போது காலை 5:30 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

விலையில் 1,250.00 என்று காற்புள்ளியோ, ரூ. என்ற முன்னொட்டோ இருந்தால் டெசிமல் ஏற்காது. எக்செலிலேயே களைந்துவிடுங்கள்.

வகை ஒத்துவராத கட்டம் வந்தால் என்ன செய்வது என்பதை --பார்ஸ்கிரேஸ் தீர்மானிக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் "ஸ்டாப்", அதாவது அங்கேயே நிற்கும். "ஆட்டோகாஸ்ட்" கொடுத்தால் பழைய ஊக வேலையைத் திரும்பச் செய்யும். இத்தனை பாடுபட்டு வகை எழுதியதற்கு அர்த்தமே இல்லை. "ஸ்கிப்ரோ" கொடுத்தால் விட்டுப்போன வரிசையை எண்ணோடு லாகில் எழுதும். முதல் ஓட்டத்தை ஒரு சோதனை கலெக்‌ஷனில் ஸ்கிப்ரோவோடு ஓட்டி, லாகைப் பார்த்துக் கோப்பைத் திருத்துங்கள். உண்மையான ஓட்டத்துக்கு ஸ்டாப்பே போதும். வெற்றுக் கட்டங்களும் தேதி, எண் நெடுவரிசைகளில் பிழைதான், அதற்கு --இக்னோர்பிளாங்க்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: புள்ளி. மாங்கோஇம்போர்ட் ஹெடரில் புள்ளியைக் கண்டால் உள்டாக்குமெண்ட் (ஒரு பதிவுக்குள் இன்னொரு பதிவு) என்று எடுத்துக்கொள்ளும். "வ.எண்" என்பது "வ" என்ற ஃபீல்டுக்குள் "எண்" என்று போய் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்ப் பட்டியல்களில் வ.எண், ப.எண், கு.எண் இல்லாத ஹெடரே கிடையாது, எனவே இது எல்லோருக்கும் வரும். "எண்." என்று புள்ளியில் முடிந்தால் இன்னும் மோசம், ஏற்றவே மறுத்துவிடும். சொல்லப்போனால் வரிசை எண் டேட்டாபேஸில் எதற்கு? அந்த நெடுவரிசையையே நீக்கிவிடலாம்.

அட்டவணை_22:

வகை கொடுத்ததும் பதிவெண், தேதி சரியாகிவிட்டன. இப்போது பாதியில் நிற்கிறது. "ரீட் எரர் ஆன் என்ட்ரி" என்று ஓர் எண்ணும், "பேர் " இன் நான்-கோட்டட் ஃபீல்ட்" என்றும் வருகிறது. ஸ்கிப்ரோ கொடுத்தும் தாண்டவில்லை.

குறுநிரல்:

ஸ்கிப்ரோ வகைப் பிழைக்கு மட்டும்தான். இது சிஎஸ்வி அமைப்பே உடைந்த பிழை, அடுத்த ரெக்கார்டு எங்கே தொடங்குகிறது என்றே அதற்குத் தெரியாது. ஒரு கட்டத்துக்குள் மேற்கோள் குறி இருந்தால் கட்டம் முழுவதையும் மேற்கோளில் அடைத்து, உள்ளே இருப்பதை இரட்டிக்க வேண்டும்:

தவறு: தமிழ் இலக்கணம் "வினா விடை"
சரி: "தமிழ் இலக்கணம் ""வினா விடை"""

எக்செல் இதைச் சரியாகவே எழுதும். எனவே உங்கள் கோப்பு இடையில் வேறெங்கோ, யாரோ நோட்பேடில் திருத்தியோ ஸ்கிரிப்டில் ஒட்டியோ வந்திருக்கிறது. கோலன் நூலகப் பகுப்பு முறையின் வகுப்பெண் ஓ31,1 மாதிரி காற்புள்ளியோடு வந்தாலும் அதே விதி: மேற்கோளில் அடைக்காவிட்டால் நெடுவரிசைகள் ஒன்று தள்ளிப்போகும்.

அரைப்புள்ளியால் பிரித்த கோப்பு கிடைத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பிரிப்பானை மாற்ற மாங்கோஇம்போர்ட்டில் ஆப்ஷன் கிடையாது.

சரிபார்க்க டபிள்யூசி -எல் (வரிகளை எண்ணும் கட்டளை) எண்ணிக்கையை நம்பாதீர்கள். கட்டத்துக்குள் என்டர் தட்டியிருந்தால் ஒரு ரெக்கார்டே இரண்டு மூன்று வரியாகும்.

கறுப்புத்திரை:

மாதத் திருத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. --மோட் நான்கு உண்டு: இன்சர்ட், அப்ஸர்ட், மெர்ஜ், டெலீட். பெயரைப் பார்த்து எல்லோரும் அப்ஸர்ட்டை எடுப்பார்கள். அது பொருந்தும் டாக்குமெண்டை முழுசாகத் தூக்கிவிட்டு சிஎஸ்வி வரிசையை அந்த இடத்தில் வைக்கும். இரவல் நிலை, அலமாரி எண் என்று உங்கள் ஆப் சேர்த்துவைத்த ஃபீல்டுகள் அத்தனையும் காலி. உங்களுக்கு வேண்டியது மெர்ஜ்:

--மோட் மெர்ஜ் --அப்ஸர்ட்ஃபீல்ட்ஸ் பதிவெண் --இக்னோர்பிளாங்க்ஸ்

கடைசி ஆப்ஷன் இங்கே கட்டாயம். திருத்தப் பட்டியலில் வெறுமையாக விட்ட ஸ்ட்ரிங் கட்டங்கள், அது இல்லாவிட்டால் இருக்கும் தகவலை வெற்று ஸ்ட்ரிங்கால் அழித்துவிடும்.

பதிவெண்ணுக்கு யூனிக் இண்டெக்ஸ் முதலிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரிசைக்கும் 2.3 லட்சம் வரை துழாவும், திருத்தப் பட்டியல் 5,000 வரிசை என்றாலே பல கோடி டாக்குமெண்டைப் பார்க்கிற கணக்கு. யூனிக் என்பதால் இரட்டைப் பதிவெண்களும் முதல் ஏற்றத்திலேயே இ11000 பிழையாக வெளியே வரும். அந்தப் பிழைக்கு ஏற்றம் நிற்காது. கடைசியில் எத்தனை ஏறியது, எத்தனை தோற்றது என்று சொல்லும். அந்த வரியைப் படியுங்கள். நிற்க வேண்டுமானால் --ஸ்டாப்ஆன்எரர்.

--ட்ராப் போட்டுத் திரும்ப ஏற்றும்போது கலெக்‌ஷனோடு இண்டெக்ஸும் போய்விடும். மறுபடி உருவாக்குங்கள்.

பழைய ஏற்றத்தில் 4512 என்று எண்ணாகப் போனவற்றைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் மெர்ஜுக்கு வர வேண்டும். "004512" என்ற ஸ்ட்ரிங் அதோடு பொருந்தாது, புதிதாக இன்னொரு டாக்குமெண்ட் முளைக்கும். யூனிக் இண்டெக்ஸும் தடுக்காது, அதன் பார்வையில் இரண்டும் வேறு வேறு மதிப்பு.

நிரல்வழி:

ஒரு சேர்க்கை. பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதினால் ஷெல் ஹிஸ்டரியில் தங்கும். யாம்ல் கோப்பில் எழுதி, அனுமதியை 600 ஆக்கி, --கான்ஃபிக் மூலம் கொடுங்கள். யூஆர்ஐயாக எழுதுவதென்றால் பாஸ்வேர்டில் உள்ள @ குறியை %40 என்று மாற்ற வேண்டும். யூசர் அட்மின் டேட்டாபேஸில் உருவானவர் என்றால் --ஆத்தென்டிகேஷன்டேட்டாபேஸ் அட்மின் இல்லாமல் லாகின் ஆகாது.

--நம்இன்சர்ஷன்வொர்க்கர்ஸ் (ஒரே நேரத்தில் பல இழைகளாக ஏற்றுவது) பற்றி யாராவது சொல்வார்கள். 2.3 லட்சத்துக்குத் தேவையில்லை.

கறுப்புத்திரை:

மாத மெர்ஜுக்கு முன்னால் மாங்கோடம்ப் எடுத்துவைப்பது நல்லது. மாங்கோஎக்ஸ்போர்ட்டில் சிஎஸ்வியாக எடுத்ததை பேக்கப் என்று நினைக்காதீர்கள், திரும்ப ஏற்றும்போது தேதியும் டெசிமலும் மறுபடி ஊகத்துக்குப் போகும்.