சுத்தம் பண்றப்பவே சிரிக்க முடியுமாங்க?

ரெண்டு வாலு அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், அதுவும் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு. மடியில துண்டு சுத்தின சின்னவன். கதவுக்கு அடியில நாலு குட்டி விரல் தெரியுது, அது பெரியவ.

பெரியவளுக்கு மூணேகால் வயசு, சின்னவனுக்கு ஒம்பது மாசம். காலையில ஒரு அஞ்சு நிமிஷம், சத்தியமா அஞ்சே நிமிஷம், கண்ணை மூடினேன். வீடு அமைதியா இருந்துச்சு. அப்பவே எந்திரிச்சு ஓடியிருக்கணும், நல்லாருக்கேன்னு இன்னும் கொஞ்சம் படுத்துட்டேன். வந்து பாத்தா ஒரு முழு பவுடர் டப்பா காலி. தரை, சோபா, டிவி, ரிமோட், எல்லாம் வெள்ளை. தம்பி தலையெல்லாம் நரைச்சு, புருவமும் நரைச்சு, பென்ஷன் வாங்கற தாத்தா மாதிரி நடு ஹால்ல உக்காந்திருக்கான். யாருடி பண்ணதுன்னு கேட்டா, பவுடர் கையோட, பவுடர் மூக்கோட நின்னுக்கிட்டு "தம்பிதான்"ங்கறா. இன்னும் எந்திரிச்சு நிக்கவே தெரியாத தம்பி!

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தாரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு, போட்டோ எடுத்தாரு, மீட்டிங் இருக்குன்னு ரூமுக்குள்ள போயி கதவை சாத்திக்கிட்டாரு. குடும்ப க்ரூப்ல அந்தப் போட்டோவுக்கு வரிசையா சிரிப்பு பொம்மையா வந்து விழுது. நான் இங்க ஈரத்துணிய வச்சு துடைக்க துடைக்க அது பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இன்னும் பரவுது.

எங்க அம்மா மாமியார் எல்லாரும் "பின்னாடி நினைச்சா சிரிப்பு வரும்"னு சொல்றாங்க. பின்னாடி யாருக்குங்க வேணும், எனக்கு இப்பவே வரணும். உங்களுக்கெல்லாம் அந்த நேரத்துலயே சிரிப்பு வந்திருக்கா? இல்ல சிரிக்கறதெல்லாம் துடைக்கற துணிய கையில எடுக்காதவங்க மட்டும்தானா?

தூக்கம் போன அப்பா:

சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க, நானும் போட்டோ எடுத்த கோஷ்டிதான். எங்க வீட்ல இதுக்கு ஒரு சட்டம் வந்துச்சு: முதல்ல சிரிக்கறவங்க கையில துணி. அது வந்ததுக்கப்புறம் நான் ரொம்ப சீரியஸான ஆளாயிட்டேன், உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன், என் வீட்டம்மா என் முகத்தையே உத்துப் பாத்துக்கிட்டு நிப்பாங்க, யாரு முதல்ல வெடிப்பாங்கன்னு போட்டி. பெரும்பாலும் நான்தான் அவுட்டு. உங்க வீட்டுக்காரருக்கு இதை இன்னைக்கே படிச்சுக் காட்டுங்க.

அப்புறம் பவுடரை நனைக்காதீங்க. முதல்ல காஞ்சபடியே மெதுவா கூட்டி அள்ளிட்டு கடைசியிலதான் ஈரத்துணி. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

எங்க பையன் ஆறு மாசத்துல, குடும்பத்தோட ஒரு விசேஷத்துக்குக் கிளம்பி, புது டிரஸ் போட்டு, பால் குடுத்து, கதவைப் பூட்டற நேரம் பாத்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. டயப்பர் தாங்கல. முதுகு வழியா மேல ஏறி கழுத்து வரைக்கும் வந்துருச்சு. ஏன்டா கரெக்டா கிளம்பறப்பன்னு அப்ப கோவம், அப்புறம் டாக்டர்தான் சொன்னாரு, வயிறு நிறைஞ்ச உடனே குடலுக்கு இடத்தைக் காலி பண்ணுன்னு தகவல் போயிருமாம், காஸ்ட்ரோகோலிக் ரிஃப்ளெக்ஸ்னு பேரு, எல்லாருக்கும் இருக்காம், கைக்குழந்தைங்களுக்கு ரொம்ப ஜாஸ்தியாம். நம்மதான் கிளம்பறதுக்கு முன்னாடி வயித்த ரொப்பிட்டு கிளம்பறோம், அவன் என்ன பண்ணுவான்.

இதுல காமெடி என்னன்னா, அந்த டிரஸ்ஸை நான் தலை வழியா கழட்டினேன். முடி, காது, எல்லாம் மஞ்சள். கைக்குழந்தை பனியன்ல தோள்ல ஒரு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும்ல, அது டிசைன்னு நினைச்சுட்டு இருந்தேன். அது இருக்கறதால கழுத்தை அகட்டி கீழ் பக்கமா, கால் வழியாவே உருவிடலாமாம். ரெண்டாவது குழந்தை பொறந்தப்பதான் தெரிஞ்சுது. மூத்தவனுக்கு ஒரு சாரி கடன்.

படிப்பாளி அக்கா:

"தம்பிதான்" விஷயத்துக்கு வரேன். பொய் சொல்றாளேன்னு வருத்தப்படாதம்மா. பொய் சொல்லணும்னா எனக்குத் தெரிஞ்சது அம்மாவுக்குத் தெரியாதுங்கறது முதல்ல புரியணும். அது ரெண்டரை மூணு வயசுலதான் தலைகாட்ட ஆரம்பிக்கும். மூக்குல பவுடரைத் துடைச்சுட்டுப் பொய் சொல்லணும்ங்கற விவரம் வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும், அதுவரைக்கும் உனக்கு வேலை சுலபம்!

டார்வின் தெரியும்ல, பரிணாமம்னு சொன்னவரு. அவருக்கு 1839 கடைசியில மூத்த பையன் பொறந்தான். மனுஷன் சும்மா இருப்பாரா, அந்தக் குழந்தை பண்றதையெல்லாம் நோட்டு போட்டு எழுதி வச்சு, 1877ல கட்டுரையா வெளியிட்டாரு. அதுல ஒரு இடம். பையனுக்கு சுமாரா ரெண்டு வயசும் எட்டு மாசமும். சாப்பாட்டு ரூம்ல இருந்து வெளிய வரான், மேல கட்டியிருந்த துணிய பத்திரமா சுருட்டிப் பிடிச்சிருக்கான். என்னடா அதுலன்னா ஒண்ணும் இல்லைங்கறான், அதோட விடாம அப்பாவையே "போ போ"ன்னு விரட்டறான். பிரிச்சுப் பாத்தா ஊறுகாய்ச் சாறு கறை! நல்லா திட்டம் போட்ட ஏமாத்து வேலைன்னு எழுதியிருக்காரு. அத்தனை பெரிய ஆளு வீட்லயும் இதே கதைதான்.

எனக்கு அவர்கிட்ட பிடிச்சது அந்த நோட்டுதான். நானும் என் பொண்ணு சின்னதா இருந்தப்ப தேதி போட்டு ஒரு வரி எழுதுவேன். "இன்று, மாலை, என் செருப்பு ஒன்று கழிவறைக்குள் காணப்பட்டது. சந்தேகத்துக்குரிய நபர் கை தட்டினார்." போலீஸ் ரிப்போர்ட் மாதிரி எழுத உக்காந்தாலே பாதிக் கோவம் இறங்கிரும். எழுதி முடிச்சுட்டுதான் செருப்பை எடுப்பேன்.

ஜன்னலோரம்:

எல்லாரும் சிரிக்கறீங்க, நான் கொஞ்சம் பயமுறுத்தறேன், கோச்சுக்காதீங்க. சின்னவன் நல்லா மூச்சு விடறானா? பவுடர் மூச்சுக்குள்ள போனா கைக்குழந்தைக்கு நுரையீரல்ல பிரச்சினை ஆகும், குழந்தைங்களுக்குப் பவுடரே வேண்டாம்னு டாக்டருங்க சொல்றது அதுக்குத்தான். இருமல், மூச்சு வாங்கறது, விசில் மாதிரி சத்தம்னு ஏதாவது இருந்தா யோசிக்காம உடனே காட்டிருங்க. அதே மாதிரி சில ரிமோட்ல இருக்கற பட்டன் பேட்டரி. முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டைக்குழாய் வெந்து போற அளவுக்குப் போகும். அந்த மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் போட்டோவும் வேண்டாம் காமெடியும் வேண்டாம், தூக்கிக்கிட்டு ஓடணும்.

இன்னொண்ணு, அவ முன்னாடியே சிரிச்சா நாளைக்கு அடுத்த டப்பா. எங்க வீட்ல ஒரு கெட்ட வார்த்தைக்குத் தாத்தா ஒரே ஒரு தடவை சிரிச்சாரு, ஒரு மாசம் வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் அதான் வரவேற்பு.

அமுக்குணி:

எனக்கு மாத்துக் கருத்து. சிரிப்பு வரலன்னா வர வேண்டாமே. குழந்தை அசிங்கம் பண்றதையும் ரசிச்சாதான் நல்ல அம்மாங்கற மாதிரி ஒரு பேச்சு ஓடுது இப்ப, அது எனக்குப் பிடிக்கல. எனக்கு மூத்தவ பொறந்து எட்டாவது மாசம் எதுக்குமே சிரிப்பு வராது, எதைப் பாத்தாலும் எரிச்சல், பால் கொட்டினா கூட கத்துவேன். நான் மோசமான அம்மான்னு நினைச்சுட்டு இருந்தேன். பிரசவத்துக்கப்புறம் வர்ற மனச்சோர்வு முதல் வருஷத்துல எப்ப வேணா தலை தூக்கலாம், அழுகையா இல்லாம கோவமாவும் வரும்னு டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது. உங்களுக்கு அப்படின்னு சொல்லல, இவ்ளோ நல்லா எழுதறீங்க! ஆனா வாரக்கணக்கா இப்படியே இருந்தா ஒரு தடவை பேசிப் பாருங்க.

பாட்டி ஆயாச்சு:

கண்ணு, எல்லாம் சரி. அந்த நாலு விரல் என்ன ஆச்சு?

ரெண்டு வாலு அம்மா:

எல்லாருக்கும் நன்றி. சின்னவன் நல்லா இருக்கான், நேத்தே டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மார்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு. மீதி டப்பாவெல்லாம் குப்பைக்குப் போயாச்சு. அமுக்குணி, உங்களுக்குத் தனியா எழுதறேன்.

பாட்டிம்மா, விரல் கதை இதுதான். நான் உள்ள இருந்து சத்தமே குடுக்கல. அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு கதவுக்கடியில வாயை வச்சு ரகசியமா கேக்கறா: "அம்மா, நீ என்ன தப்பு பண்ணினே?" அவ சேட்டை பண்ணா நான் தனியா உக்கார வைப்பேன் இல்லையா, என்னை யாரோ அப்படி உக்கார வச்சுட்டாங்கன்னு நினைச்சுட்டா. "சாரி சொல்லிட்டு வந்துரு, நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்"ங்கறா. வாயில துண்டை அடைச்சுக்கிட்டேன்.

ராத்திரி அவருக்கு அந்தச் சட்டத்தைப் படிச்சுக் காட்டினேன், சரி சரின்னு தலையாட்டினாரு. இன்னைக்குக் காலையில ஆபீஸ் கிளம்பறாரு, லேட் வேற, அவசரமா ஷூவுக்குள்ள காலை விட்டாரு, புஸ்ஸுன்னு ஒரு புகை. மிச்ச பவுடரை எங்க வச்சான்னு... இல்ல, எங்க வச்சாள்னு அப்பதான் தெரிஞ்சுது. கருப்பு சாக்ஸ், கருப்பு பேன்ட், முட்டி வரைக்கும் வெள்ளை. இவ ஓடி வந்து பாத்துட்டு "தம்பிதான்" அப்படின்னா.

சட்டப்படி துணி என் கையிலதான். முதல்ல சிரிச்சது நான்.